பைலட் வேலையில் நிச்சயம் உண்டா? கேப்டன், எஃப்.ஓ., ரோஸ்டர், பாண்ட்: ஒரு நீண்ட இழை

வாசகர் கேள்வி | 4 ஏப்ரல் 2024, இரவு 8.15

அக்கா பையன் பன்னிரண்டாவது முடிக்கப் போகிறான். பைலட் ஆகணும் என்று ஒரே பிடிவாதம். வீட்டை அடமானம் வைத்துப் பணம் புரட்டலாம் என்று பேச்சு நடக்கிறது. இந்த வாரம் விஸ்தாராவில் பைலட் இல்லாமல் விமானங்கள் ரத்து. போன வருஷம் கோ ஃபர்ஸ்ட் மூடியபோது பைலட்டுகள் வேலையில்லாமல் நின்றார்கள். எதை நம்புவது? இன்னொன்று, புதிதாகச் சேரும் எஃப்.ஓ. (ஃபர்ஸ்ட் ஆஃபீசர், துணை விமானி) கேப்டனுக்கு எடுபிடி மாதிரிதான் என்று ஒருவர் சொன்னார். அதுவும் நிஜமா?

4 ஏப்ரல், இரவு 10.40

ஆள் தட்டுப்பாடும் நிஜம், வேலையின்மையும் நிஜம். "ஆள் இல்லை" என்று செய்தியில் வருவது பெரும்பாலும் கேப்டன் இல்லை என்பதுதான். "வேலை இல்லை" என்பது 200 மணி நேரம் பறந்து சி.பி.எல். (வணிக விமானி லைசென்ஸ்) கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளின் நிலை. ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. புது எஃப்.ஓ.வை லைனில் (பயணிகளோடு ஓடும் வழக்கமான விமானங்களில்) பழக்க அவர் பக்கத்தில் பயிற்சி கேப்டன் உட்கார வேண்டும். கேப்டன்களுக்குத் தட்டுப்பாடு வந்தால் அந்தப் பயிற்சி கேப்டனையும் சாதாரண ரோஸ்டரில் (பணி அட்டவணையில்) போட்டு விமானத்தை ஓட்டுவார்கள். அப்போது முதலில் தள்ளிப்போவது புதியவர்களின் பயிற்சிதான்.

விஸ்தாராவில் நடப்பது வேறு வகை. ஏர் இந்தியாவோடு இணைக்கும் வேலையின் பகுதியாக வந்த புது ஒப்பந்தத்தில், நிச்சயச் சம்பளம் மாதம் 70 மணி நேரக் கணக்கிலிருந்து 40 மணி நேரக் கணக்குக்கு இறங்கியது. அதற்கு மேல் பறந்தால்தான் மணிக்கு இவ்வளவு என்று கூடுதல். பழைய கணக்கை நம்பி இ.எம்.ஐ. போட்டவருக்கு இது நேரடி அடி.

இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை அது ஒரே கேள்வி. வேலை நிச்சயமில்லாத இடத்தில் எஃப்.ஓ. வாய் திறக்க யோசிப்பார். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

5 ஏப்ரல், காலை 7.05

முதலில் பணம் பற்றி. அடமானத்துக்கு முன் மெடிக்கல். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

மாணவர் லைசென்ஸுக்கு க்ளாஸ் 2 மெடிக்கல் போதும் என்று பள்ளிகள் சேர்த்துக்கொள்ளும். சி.பி.எல்.லுக்கு க்ளாஸ் 1 வேண்டும். பெங்களூரில் விமானப்படையின் விமான, விண்வெளி மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் முதல் க்ளாஸ் 1 எடுப்பார்கள். நிறப் பார்வை, காது, இ.சி.ஜி., முதுகெலும்பு என்று எதில் வேண்டுமானாலும் "தற்காலிகமாகத் தகுதியில்லை" என்று வரலாம். பாதிக் கட்டணம் கட்டிய பிறகு அது வந்தால் திரும்ப வராத பணம். க்ளாஸ் 1 கைக்கு வந்த பிறகுதான் பள்ளிக்கு ஒரு ரூபாயும்.

அடுத்தது, விமானத் துறையின் அரசு ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ.விடம் கம்ப்யூட்டர் நம்பர் (தேர்வுப் பதிவு எண்) வாங்குவது. அது இருந்தால்தான் தேர்வு எழுத முடியும். ஏர் நேவிகேஷன், வானிலை, ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் தாள்கள், தனியாக ரேடியோ லைசென்ஸ். இவற்றில் பெரும்பகுதியைப் பறக்கத் தொடங்கும் முன்பே முடிப்பவர்கள் பள்ளியில் காலம் கடத்துவதில்லை.

200 மணி நேரத்தில் 100 மணி தானே கமாண்டராகப் பறந்தது. அதில் 20 மணி க்ராஸ் கன்ட்ரி (ஓர் ஊரிலிருந்து வேறு ஊருக்குப் பறப்பது), 300 கடல் மைல் தூரப் பயணம் ஒன்று உட்பட. 10 மணி கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது. இரவில் 5 மணி, 10 டேக்ஆஃப், 10 லேண்டிங். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது விமானம் எத்தனை இருக்கிறது என்று கேட்காதீர்கள். இன்று பறக்கும் நிலையில் எத்தனை, மாணவர் எத்தனை, போன பேட்ச் 200 மணியை எத்தனை மாதத்தில் முடித்தது என்று கேளுங்கள். ஹேங்கரில் உரித்து வைத்த விமானமும் எண்ணிக்கையில்தான் வரும்.

இதற்கே அரைக் கோடியைத் தாண்டும். டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதி) தனி. ஏர்லைன் நடத்தும் கேடட் திட்டம் என்றால் எல்லாம் சேர்த்து ஒரு கோடியைத் தாண்டுவது சகஜம்.

5 ஏப்ரல், மதியம் 1.30

எடுபிடி விஷயம். காக்பிட்டில் இரண்டு வேலை: ஓட்டுபவர், கண்காணிப்பவர். கேப்டனும் எஃப்.ஓ.வும் ஒரு செக்டருக்கு (ஒரு புறப்பாட்டிலிருந்து இறங்கும் வரை) ஒருவர் என்று மாறி மாறி இந்த இரண்டையும் செய்வார்கள். பொறுப்பும் கடைசி முடிவும் கேப்டனுடையது. கண்காணிப்பவர் ரேடியோ பேசுவார், செக்லிஸ்ட் படிப்பார், கியர் (சக்கரம்), ஃப்ளாப் (இறக்கை மடல்) நெம்புகோல்களைக் கேட்டபோது இயக்குவார். இவை தவிர ஓட்டுபவர் தவறினால் சொல்வதும் அவருடைய வேலை. காபி வாங்கித் தருவது வேலை விவரத்தில் இல்லை. சில கேப்டன்கள் எதிர்பார்ப்பார்கள், பெரும்பாலானவர்கள் எதிர்பார்ப்பதில்லை.

வெளியாட்களுக்குத் தெரியாதது ஒன்று: பெரிய ஏர்லைனில் நிரந்தர ஜோடி கிடையாது. ரோஸ்டர் சாஃப்ட்வேர் யாரையும் யாரோடும் போடும். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ப்ரீஃபிங் அறையில் முதல்முறை சந்திப்பார்கள். வானிலை, எரிபொருள், பழுதுப் பட்டியல், எந்தச் செக்டர் யாருக்கு என்று பத்துப் பதினைந்து நிமிடம் பேசிவிட்டு 180 பேரை ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தில் கேப்டன் "நான் ஏதாவது விட்டால் உடனே சொல்லுங்க" என்று வாய்விட்டுச் சொன்னால் அன்றைய நாளே வேறு மாதிரி போகும்.

7 ஏப்ரல், இரவு 9.20

மங்களூரு, 22 மே 2010. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812, போயிங் 737-800. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள்.

விசாரணை அறிக்கையைப் படித்தால் காக்பிட் உறவு என்ன என்று புரியும். குரல் பதிவில் கிட்டத்தட்ட 1 மணி 40 நிமிடம் கேப்டன் தூங்கியிருக்கிறார். இறங்கத் தொடங்கியது தாமதம். அதனால் ஓடுபாதையை நெருங்கும்போது இருக்க வேண்டிய உயரத்தைவிட மிக அதிக உயரம். எஃப்.ஓ. "கோ அரவுண்ட்" (இறங்காமல் மறுபடி மேலே போகலாம்) என்று மூன்று முறை சொல்லியிருக்கிறார். விமானம் 8,033 அடி ஓடுபாதையில் சுமார் 5,200 அடி தாண்டித் தரையைத் தொட்டது. மிச்சம் சுமார் 2,800 அடி. அப்புறம் மேசைமேட்டின் விளிம்பு (குன்றின் உச்சியைச் சமன்செய்து போட்ட ஓடுபாதை அது), அதற்கப்பால் பள்ளம்.

அங்கே இன்னொரு தவறும் சேர்ந்தது. என்ஜின் ரிவர்ஸ் (விமானத்தை நிறுத்த உந்துவிசையை முன்பக்கம் திருப்புவது) போட்ட பிறகு கேப்டன் மறுபடி மேலே எழும்ப முயன்றார். ரிவர்ஸ் நெம்புகோலைத் தூக்கிவிட்டால் அதற்கப்புறம் நிற்பது ஒன்றுதான் வழி. ரிவர்ஸர் கதவுகள் மூடி, என்ஜின் முழு உந்துவிசைக்கு வரும் முன் பாதை தீர்ந்துவிடும். இது எல்லா ஜெட் பைலட்டுக்கும் முதல் வாரத்திலேயே சொல்லித் தரும் பாடம்.

எஃப்.ஓ.வுக்குத் தெரிந்திருந்தது. சொல்லவும் செய்தார். செயலில் இறங்கவில்லை.

8 ஏப்ரல், காலை 6.50

"மூன்று முறை சொன்னவர் ஏன் கன்ட்ரோலைப் பிடுங்கவில்லை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பிடுங்கும் முறை எழுத்தில் உண்டு. படிப்படியாகச் சொல்கிறேன்.

ஓடுபாதைக்கு மேலே 1000 அடி வரும்போது கியர் கீழே, லேண்டிங் ஃப்ளாப், வேகம் குறித்த வரம்பில், இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 1000 அடிக்குள், நேர்க்கோட்டில், செக்லிஸ்ட் முடிந்தது என்று இருக்க வேண்டும். பார்வை தெளிவான நாளில் சில கம்பெனிகள் இதை 500 அடி வரை விடுகின்றன. இல்லையென்றால் இருவரில் யார் "கோ அரவுண்ட்" சொன்னாலும் விவாதமில்லாமல் மேலே போக வேண்டும்.

வாயால் சொல்வதற்கும் ஏணி உண்டு. முதலில் தகவல்: "கேப்டன், ஸ்பீட் ப்ளஸ் 20." திருத்தம் வரவில்லையென்றால் எச்சரிக்கை: "அன்ஸ்டேபிள், கோ அரவுண்ட்." அதற்கும் அசைவில்லையென்றால், அதாவது இரண்டு அழைப்புக்குப் பதிலோ திருத்தமோ இல்லையென்றால், ஓட்டுபவர் செயலிழந்துவிட்டார் என்றே எடுத்துக்கொண்டு "ஐ ஹேவ் கன்ட்ரோல்ஸ்" என்று சொல்லி எடுக்க வேண்டும்.

ஏர்பஸ் ஏ320ல் இதற்குக் கருவி உதவி உண்டு. இரண்டு சைட்ஸ்டிக்கும் (பக்கவாட்டில் உள்ள கன்ட்ரோல் குச்சி) ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை. இருவரும் அசைத்தால் இரண்டு உத்தரவும் கூட்டப்படும், "டூயல் இன்புட்" என்று குரல் வரும். ஸ்டிக்கில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் மற்றவர் ஸ்டிக் வேலை செய்யாது. 40 விநாடி பிடித்தால் பொத்தானை விட்ட பிறகும் அப்படியே பூட்டிக்கொள்ளும். 737ல் அந்தப் பொத்தான் கிடையாது. இரண்டு கன்ட்ரோலும் இணைந்தவை. எடுப்பதென்றால் இன்னொருவர் கை பலத்தை எதிர்த்து எடுக்க வேண்டும். மங்களூருவும், பிறகு எழுதப்போகும் 2020 கோழிக்கோடு விபத்தும் 737 விபத்துகள்.

8 ஏப்ரல், காலை 7.15

மேலே "எடுக்க வேண்டும்" என்று எழுதியது சரிதான். ஆனால் கடைசி 200 அடியில் கன்ட்ரோலுக்காக இருவர் மல்லுக்கு நிற்பது தவறான லேண்டிங்கைவிட ஆபத்தாகலாம். அதனால்தான் முடிவை 1000 அடியிலேயே எடுக்கச் சொல்கிறார்கள். 1000 அடியில் எஃப்.ஓ. பேசாமல் இருந்தால் 200 அடியில் அவருக்கு நல்ல வழி எதுவும் மிச்சமிருக்காது.

11 ஏப்ரல், இரவு 11.00

இப்போது முக்கியமானதுக்கு வருகிறேன். எஃப்.ஓ. ஏன் தயங்குகிறார்? "நம்ம பண்பாட்டில் பெரியவர்களை எதிர்த்துப் பேச மாட்டோம்" என்ற பதில் எனக்குப் போதவில்லை. பண்பாடு ஒரு பங்குதான். 1977ல் ஸ்பெயினின் டெனெரிஃபே தீவில் இரண்டு 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அதில் ஒன்றை ஓட்டிய கே.எல்.எம். கம்பெனி கேப்டன் டச்சுக்காரர், எஃப்.ஓ.வும் டச்சுக்காரர். ஓடுபாதையில் இன்னொரு விமானம் இன்னும் இருக்கிறதோ என்று சந்தேகம் கேட்டவர் ஃப்ளைட் இன்ஜினியர். அது விலகிவிட்டது என்ற பொருளில் "ஓ, ஆமாம்" என்று அழுத்தமாகப் பதில் வந்ததும் பேச்சு அடங்கிவிட்டது. அந்த எஃப்.ஓ.வுக்கு இரண்டு மாதத்துக்கு முன் 747 தகுதித் தேர்வு நடத்தியவரே இந்தக் கேப்டன்தான். தனக்குக் கையெழுத்துப் போட்டவரை எப்படித் தடுப்பது? பண்பாட்டைவிட இந்தக் கையெழுத்துக்குக் கனம் அதிகம்.

இங்கேயும் அதே கையெழுத்துதான். எஃப்.ஓ.வுக்குக் கேப்டனிடமிருந்து வேண்டியது என்ன? முதலாவது, லேண்டிங். எல்லாக் கேப்டனும் எஃப்.ஓ.வை இறக்க விட முடியாது. அதற்கு அவருக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் வானிலை மோசம் என்றால் அங்கீகாரம் இருந்தாலும் கேப்டனே இறக்க வேண்டும். மேசைமேட்டு ஓடுபாதைகளிலும் அப்படித்தான். ஆக எஃப்.ஓ.வுக்கு லேண்டிங் கிடைக்கும் நாட்கள் குறைவு. அந்த நாளில் கேப்டனோடு காலையிலேயே உரசிக்கொண்டால் "இன்றைக்கு நானே இறக்குகிறேன்" என்று வந்துவிடும்.

இரண்டாவது, கமாண்ட், அதாவது கேப்டனாவது. அதற்கு வேண்டிய ஏ.டி.பி.எல். லைசென்ஸுக்கு 1500 மணி நேரம் சட்டப்படி குறைந்தபட்சம். கம்பெனிகள் கேட்பது அதைவிட அதிகம். அப்புறம் நேர்காணல், சிமுலேட்டர், பயிற்சி கேப்டனோடு இடது சீட்டில் லைன் பறத்தல், செக். இதில் ஒவ்வொரு கட்டத்திலும் யாராவது ஒரு கேப்டனின் குறிப்பு ஃபைலில் ஏறும். "வாதாடுகிறவர்" என்று ஒரு வரி ஏறினால் போதும்.

மூன்றாவது, பாண்டும் (குறித்த காலத்துக்கு முன் விலகினால் கம்பெனிக்குப் பணம் கட்டும் ஒப்பந்தம்) கடனும். வீட்டை அடமானம் வைத்து வந்தவன் லேண்டிங், கமாண்ட் இரண்டையும் பணயம் வைக்க எளிதில் துணிய மாட்டான். நீங்கள் கேட்ட இரண்டு கேள்வியும் ஒன்று என்று முதல் நாள் சொன்னது இதனால்தான்.

12 ஏப்ரல், காலை 8.10

"இருவரும் ஒரே சாப்பாடு சாப்பிடக் கூடாதாமே?" ஆமாம். வெவ்வேறு உணவு, முடிந்தால் வெவ்வேறு நேரத்தில். கெட்டுப்போன குழம்பு ஒன்று இருவரையும் ஒன்றாகப் படுக்க வைத்துவிடக் கூடாது. யாருக்குச் சைவம், யாருக்குச் சிக்கன் என்பதில்தான் காக்பிட்டின் முதல் பேச்சுவார்த்தை நடக்கும். அதில் எஃப்.ஓ.வுக்கு முதல் தேர்வு கொடுக்கும் கேப்டன்கள் இருக்கிறார்கள். அந்த மாதிரி கேப்டனோடு பறக்கும் நாளில் செக்லிஸ்ட்டும் தெளிவாக ஓடும். இதை வேடிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை.

20 ஏப்ரல், மாலை 5.45

கோழிக்கோடு, 7 ஆகஸ்ட் 2020. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 1344. 190 பேர் இருந்தார்கள், விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தார்கள். மழை, பின்காற்று, முதல் முயற்சியில் கேப்டன் பக்க வைப்பர் நின்றுவிட்டது. இரண்டாவது முறை ஓடுபாதை 10. 8,858 அடியில் சுமார் 4,438 அடி தாண்டித்தான் தரையைத் தொட்டது. எஃப்.ஓ. கோ அரவுண்ட் சொன்னார். அதிகாரச் சரிவு (கேப்டனுக்கும் எஃப்.ஓ.வுக்கும் இடையிலான அதிகார இடைவெளி) செங்குத்தாக இருந்தது என்றும் அறிக்கை எழுதுகிறது.

எல்லோரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே அறிக்கையில் ஆள் நிர்வாகம் பற்றி ஒரு பகுதி உண்டு. கோழிக்கோடு தளத்தில் 26 எஃப்.ஓ.க்களுக்கு ஒரே ஒரு கேப்டன். கேப்டன்கள் வேறு தளங்களிலிருந்து வந்துதான் இந்தத் தளத்தின் விமானங்களை ஓட்ட வேண்டும். இந்தக் கேப்டனுக்கு மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்தே ஒரு விமானம் ரோஸ்டரில் இருந்தது. வேறு ஊருக்குத் திருப்பினால் அது சிக்கலாகும். எப்படியாவது அங்கேயே இறங்க வேண்டும் என்ற உந்துதலுக்கு இது ஒரு காரணம் என்று அறிக்கை சொல்கிறது.

காக்பிட்டுக்குள் நடந்ததன் ஒரு வேர் ஆள் ஒதுக்கீட்டு அட்டவணையில் இருக்கிறது. "எஃப்.ஓ.க்கள் தைரியமாகப் பேச வேண்டும்" என்று வகுப்பு எடுத்தால் மட்டும் இந்த வேர் போகாது. மாற்றுக் கேப்டன் ஸ்டாண்ட்பையில் இருந்தால் "கொச்சிக்குப் போய்விடலாம்" என்று சொல்வது இருவருக்குமே சுலபம்.

3 ஜூன், இரவு 10.25

2024 ஜூன் 1 அன்று வர வேண்டிய புதுப் பணிநேர விதிகள் அன்று வரவில்லை. அந்த ஜனவரி 8ஆம் தேதி டி.ஜி.சி.ஏ. அறிவித்தது: வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி. "இரவு" என்பது அதிகாலை 5 மணி வரை என்பதிலிருந்து 6 மணி வரை. இரவுப் பணியில் லேண்டிங் 6லிருந்து 2. இரவுப் பணியில் பறத்தல் 8 மணி, மொத்தப் பணி 10 மணிக்குள். மார்ச் கடைசியில் அமலை நிறுத்தி வைத்துவிட்டார்கள். புது விதிக்கு இன்னும் நிறைய பைலட் வேண்டும் என்பது ஏர்லைன்களின் வாதம்.

எனக்கு இதில் சமாதானம் இல்லை. அதிகாலை 3 மணிக்கு எழுந்து, நாலு செக்டர் முடித்து, ஐந்தாவதாக இறக்கும்போது கண்காணிப்பவரின் அழைப்பு இரண்டு விநாடி தாமதமாக வரும். அவர் சோம்பேறி இல்லை, உடம்பு அப்படித்தான். 2009ல் அமெரிக்காவில் பஃபலோ அருகே கோல்கன் 3407 விழுந்து 50 பேர் இறந்தார்கள். அந்த எஃப்.ஓ. குறைந்த சம்பளத்தில் சியாட்டில் பக்கம் குடியிருந்து, இரவெல்லாம் வேறு விமானங்களில் ஏறி நியூவார்க் வந்து பணிக்குப் போனவர். அப்புறம்தான் அங்கே எஃப்.ஓ.வுக்கும் 1500 மணி நேரம் என்ற சட்டம் வந்தது. களைப்புக்கும் சம்பளத்துக்கும் உள்ள தொடர்பை அந்தச் சட்டம் தொடவில்லை என்பதே என் கருத்து.

16 ஜூன், காலை 9.30

பாண்ட் பற்றித் தனிச்செய்தியில் நிறைய பேர் கேட்கிறார்கள். கையெழுத்துக்கு முன் இவற்றைப் பாருங்கள். பாண்ட் தொகை மாதா மாதம் குறைகிறதா, கடைசி நாள் வரை முழுத்தொகையா? கம்பெனி சம்பளமில்லா விடுப்பில் அனுப்பினால் அந்த மாதங்கள் பாண்டில் கழியுமா? விமானம் தரையில் நின்றால் நிச்சயச் சம்பளம் எத்தனை மணிக்கு? தேதி போடாத செக் கேட்கிறார்களா? பயிற்சிக்குச் செலவானதாகச் சொல்லும் தொகைக்கு ரசீது தருவார்களா? கடைசிக் கேள்வியைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். கேளுங்கள்.

நோட்டீஸ்: டி.ஜி.சி.ஏ.வின் 2017 விதிப்படி கமாண்டருக்கு ஒரு வருடம், எஃப்.ஓ.வுக்கு ஆறு மாதம். கம்பெனி என்.ஓ.சி. கொடுத்தால் முன்பே போகலாம். 2023ல் 43 விமானிகள் நோட்டீஸ் காலம் முடிக்காமல் போய்விட்டார்கள் என்று ஆகாசா ஏர் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பயணிகளைப் பாதுகாக்கத்தான் இந்த விதி என்கிறார்கள். கம்பெனி மூடும்போது பைலட்டுக்கு ஒரு வருட நோட்டீஸ் யாரும் கொடுப்பதில்லை. கோ ஃபர்ஸ்ட் 2 மே 2023 அன்று திவால் மனு போட்டது, அடுத்த நாளே விமானங்கள் நின்றன.

17 ஜூன், இரவு 8.00

டைப் ரேட்டிங் எதில் எடுப்பது என்ற கேள்விக்கு என் பதில்: நாட்டில் குறைந்தது இரண்டு மூன்று கம்பெனி ஓட்டும் விமானத்தில்.

நம்ம ஊர் உதாரணம் பாரமவுண்ட் ஏர்வேஸ். சென்னையை மையமாக வைத்து 2005ல் எம்ப்ரேயர் 170 வகையோடு தொடங்கியது, 2010ல் நின்றது. அப்போது இந்தியாவில் அந்த வகையை ஓட்ட வேறு ஏர்லைன் கிடையாது. எத்தனை ஆயிரம் மணி வைத்திருந்தாலும் வேறு கம்பெனியில் 737க்கோ ஏ320க்கோ புதிதாக டைப் ரேட்டிங். விஜயவாடாவிலிருந்து ஓடிய ஏர் கோஸ்டாவும் எம்ப்ரேயர்தான், அதுவும் 2017ல் நின்றது. ஏ320, 737, அடுத்து ஏ.டி.ஆர். (சின்ன டர்போப்ராப் விமானம்). இந்த மூன்றுக்கு வெளியே சொந்தக் காசைப் போடாதீர்கள்.

18 ஜூன், காலை 6.40

நேற்றைய குறிப்புக்கு ஒரு நிபந்தனை. கம்பெனியே செலவு செய்து சின்ன விமானத்தில் வேலை தருகிறது என்றால் தாராளமாகப் போகலாம். 200 மணியோடு வீட்டில் இருப்பதைவிட ஏ.டி.ஆரில் 1500 மணி சேர்ப்பது நல்லது. ஒரு நாளில் நாலைந்து லேண்டிங், சின்ன ஓடுபாதைகள், மழை. கை நன்றாகப் பழகும்.

9 ஆகஸ்ட், மாலை 6.15

கம்பெனி ஆட்டம் காணும்போது என்ன செய்வது? சம்பளம் ஒரு மாதம் தள்ளிப்போனால் அன்றே ஃபைல் சேர்க்கத் தொடங்குங்கள்.

90 நாளில் மூன்று டேக்ஆஃப், மூன்று லேண்டிங் இல்லையென்றால் பயணிகளோடு பறக்க முடியாது. ஆறு மாதத்துக்கு ஒரு ப்ரொஃபிஷியன்சி செக் (திறன் சோதனை), வருடத்துக்கு ஒரு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி). விமானம் நின்ற நாளிலிருந்து இந்தக் கடிகாரங்கள் ஓடத் தொடங்கும். மூன்றும் காலாவதியானவரை எடுக்கும் கம்பெனி சிமுலேட்டர் நேரமும் பயிற்சியாளரும் ஒதுக்க வேண்டும். நடப்பில் உள்ளவரும் இவரும் ஒரே நாளில் நேர்காணலுக்கு வந்தால் யாரை எடுப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜெட் ஏர்வேஸ் 17 ஏப்ரல் 2019 அன்று நின்றது. முதல் மூன்று மாதத்தில் நகர்ந்தவர்களுக்கும் "திரும்ப எழும்பும்" என்று காத்திருந்தவர்களுக்கும் அடுத்த வருடம் மார்ச்சில் பெரிய வித்தியாசம். காத்திருந்தவர்கள் மீது கொரோனாவும் விழுந்தது.

ஆகவே: லாக்புக் (பறந்த மணிக்கான பதிவேடு) டி.ஜி.சி.ஏ.வின் இணையத்தளமான ஈ.ஜி.சி.ஏ.வில் அன்றன்று ஏறியிருக்க வேண்டும், கம்பெனி சான்றளித்ததாக. செக் படிவங்கள், டைப் ரேட்டிங் சான்றுகள், லைன் பயிற்சி ரெக்கார்டு எல்லாவற்றின் நகலும் வீட்டில். பயிற்சித் துறையில் கேட்டால் நாளைக்குத் தருகிறேன் என்பார்கள். ஒரு நாள் அந்தத் துறையே இருக்காது. கம்பெனி மின்னஞ்சலில் மட்டும் இருக்கும் எதுவும் உங்களுடையது அல்ல.

2 அக்டோபர், இரவு 9.50

நேற்று ஏ.ஐ.எக்ஸ். கனெக்ட் (பழைய ஏர் ஏசியா இந்தியா) ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்குள் போய்விட்டது. நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவுக்குள். இணைப்பில் பைலட்டுகளுக்குள் முதலில் வெடிப்பது சீனியாரிட்டிப் பட்டியல். யாருக்கு முதலில் கமாண்ட், யாருக்குப் பெரிய விமானம் என்பதை அது தீர்மானிக்கும்.

சேர்ந்த தேதிப்படி வரிசை போட்டால் பழைய கம்பெனிக்காரர் மேலே. கமாண்ட் கிடைத்த தேதிப்படி போட்டால் வேகமாக வளர்ந்த கம்பெனிக்காரர் மேலே. இரண்டு பட்டியலையும் விகிதப்படி கோர்ப்பது மூன்றாவது வழி. எதிலும் யாராவது பத்து வருடம் இழந்ததாக உணர்வார்கள்.

2007ல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் இணைத்துவிட்டு இதைத் தீர்க்காமல் விட்டார்கள். 2012 மே மாதம் ட்ரீம்லைனர் 787 பயிற்சி பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் போகிறது என்று ஏர் இந்தியா தரப்பு பைலட் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. 58 நாள். சங்க அங்கீகாரம் ரத்து, பலர் பணிநீக்கம். இப்படிப் பிரிந்து நின்ற இருவரை ரோஸ்டர் ஒரே காக்பிட்டில் உட்கார வைத்தால் 1000 அடியில் பேச வேண்டியதைப் பேசுவார்களா என்று யோசியுங்கள்.

வரைவுப் பட்டியல் வந்தால் உங்கள் சேர்ந்த தேதி, டைப் ரேட்டிங் தேதி, கமாண்ட் தேதி மூன்றையும் சரிபார்த்து, கொடுத்த கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பொங்குவது கணக்கில் வராது.

3 அக்டோபர், காலை 7.30

"மனசு சரியில்லை என்று டாக்டரிடம் போனால் லைசென்ஸ் போய்விடுமா?" என்று ஒருவர் பெயர் சொல்லாமல் கேட்டிருக்கிறார். இந்தப் பயம் எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஜெர்மன்விங்ஸ், 24 மார்ச் 2015: எஃப்.ஓ.வே வேண்டுமென்று விமானத்தை மலையில் மோதினார், 150 பேர் இறந்தார்கள். அந்த எஃப்.ஓ. தன் நோயைக் கம்பெனிக்குத் தெரியாமல் மறைத்தார். பறக்கும் உரிமை போனால் வருமானமும் போகும் என்ற பயத்தை பிரெஞ்சு விசாரணை அமைப்பு ஒரு காரணியாக எழுதியது. அப்படிப் போனால் ஈடுகட்டும் போதிய காப்பீடும் அவருக்கு இல்லை.

தற்காலிகமாகத் தகுதியில்லை என்பது வேறு, நிரந்தரம் என்பது வேறு. சிகிச்சை எடுத்து, நிலையாகி, மறுபரிசீலனைக்குப் போய்த் திரும்பப் பறக்க வழி உண்டு. மறைத்து மாட்டினால் அந்த வழியும் அடைபடும். தயவுசெய்து டாக்டரைப் பாருங்கள். நம்பும் மூத்த விமானி ஒருவரிடம் பேசுங்கள்.

லாஸ் ஆஃப் லைசென்ஸ் (மருத்துவக் காரணத்தால் லைசென்ஸ் போனால் ஈடு தரும்) காப்பீட்டை முதல் சம்பளத்திலேயே எடுங்கள். கம்பெனி குழுக் காப்பீடு இருந்தால் தொகை எவ்வளவு, தற்காலிகத் தகுதியின்மைக்கு மாதத் தொகை உண்டா, மனநலம் விலக்கப்பட்டிருக்கிறதா, வேலையை விட்டால் தொடருமா என்று பாலிசியையே வாங்கிப் படியுங்கள். இந்தக் காப்பீடு உள்ளவர் களைப்பாக இருக்கும் நாளில் "இன்றைக்கு என்னால் முடியாது" என்று சொல்லத் துணிவார். எல்லா எஃப்.ஓ.வுக்கும் அது இருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

8 நவம்பர், இரவு 10.10

நேற்று உச்ச நீதிமன்றம் ஜெட் ஏர்வேஸைக் கலைக்க உத்தரவிட்டது. விமானம் நின்று ஐந்து வருடத்துக்கு மேல். பாக்கி வருமா என்று கேட்கிறார்கள்.

திவால் சட்டம் 53ஆம் பிரிவில் வரிசை இருக்கிறது. நடைமுறைச் செலவு முதலில். அடுத்து, தொழிலாளர்களின் 24 மாத பாக்கியும் அடமானம் பிடித்த வங்கிகளும் ஒரே படியில். அதற்கடுத்த படியில் மற்ற ஊழியர்களின் 12 மாத பாக்கி. பி.எஃப்., கிராஜுவிட்டி நிதிகள் கலைப்புச் சொத்தில் சேராது. அதைத் தனியாகக் கேளுங்கள்.

திவால் நடைமுறை தொடங்கியதும் பொது அறிவிப்பு வரும். டி படிவத்தில் 14 நாளில் கோரிக்கை. கலைப்புக் கட்டத்தில் இ படிவம், 30 நாளில். சம்பளச் சீட்டுகள், நியமனக் கடிதம், வங்கிப் பட்டியல், படிவம் 16, பறந்த மணிக்கான லாக்புக் பக்கம் இணைக்க வேண்டும். நிச்சயச் சம்பளத்தையும் மணிக்கணக்குப் படியையும் தனித்தனி வரியாக எழுதுங்கள், சேர்த்து எழுதினால் எதற்கு ஆதாரம் இல்லையோ அது மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். நோட்டீஸ் காலச் சம்பளம், விடுப்புப் பணம் இரண்டையும் விட்டுவிடாதீர்கள். சங்கம் மொத்தமாகத் தாக்கல் செய்கிறது என்றாலும் அந்தப் பட்டியலில் உங்கள் பெயரும் தொகையும் சரியாக இருக்கிறதா என்று நகல் வாங்கிப் பாருங்கள். ஒப்புகை எண்ணை எழுதி வையுங்கள்.